மூன்று நாடுகள், நான்கு நுழைவுகள்!

ஹனோயில் இறங்கி, லாவோஸின் லுவாங் பிரபாங், கம்போடியாவின் அங்கோர் வாட் எல்லாம் பார்த்துவிட்டு, மறுபடி வியட்நாமுக்குள் வந்து ஹோ சி மின் நகரில் விமானம் ஏறுவது, முதுகுப்பைப் பயணிகளுக்குப் பிடித்த சுற்று. நாடுகள் மூன்றுதான். ஆனால், வியட்நாமுக்குள் நுழைவது இரண்டு முறை. விசா விண்ணப்பத்தில் கோட்டைவிடுவது இங்கேதான்.

வியட்நாம் இ-விசா 90 நாள்கள் வரை கிடைக்கும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மிச்சம் பிடிக்கிறேன் என்று முதல் வகையை எடுத்தால், லாவோஸ் எல்லையைத் தாண்டியதுமே அது செல்லாது. இன்னும் 70 நாள் பாக்கி இருந்தாலும்தான்! கம்போடியப் பக்கத்து எல்லை ஊரான பவெட்டில் நின்று, எதிரே மொக் பாய் சோதனைச் சாவடியை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். புது இ-விசாவுக்கு மூன்று வேலை நாள்களாவது ஆகும். பவெட்டிலோ சூதாட்ட விடுதிகளைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

எனவே, பயணப் பாதையைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். எல்லாச் சாவடிகளிலும் இ-விசா செல்லாது. நீங்கள் கடக்கும் சாவடி வியட்நாம் அரசின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். லாவோஸும் கம்போடியாவும் எல்லையில் ஒட்டித்தரும் விசா, ஆளுக்கொரு முழுப் பக்கத்தை விழுங்கிவிடும். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்களும், கையில் கிழிசல் இல்லாத டாலர் நோட்டுகளும் இருக்கட்டும்.