விலாசம் உள்ள பாத்திரங்கள்

"பரணை நீங்க காலி பண்றீங்களா, இல்லே நான் வீட்டைக் காலி பண்ணட்டுமா?" என்று என் மனைவி கேட்ட மறுநாள், நான் காரைக்குடிக்கு ரயிலேறினேன்.

கோபித்துக்கொண்டு அல்ல. நண்பர் வீட்டுக் கல்யாணம். ஆனாலும் சமயத்தில் வந்து காப்பாற்றிய அந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கும்பிடு!

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். பெயின்டர் வந்தார், பரணை அண்ணாந்து பார்த்தார், "முதல்ல இதை இறக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பரணில் இருந்தவை: ஜார் இல்லாத மிக்ஸி 2, மூன்று சக்கரத்தில் ஒன்று குறைந்த சைக்கிள், மூடி இல்லாத டப்பா 16, டப்பா இல்லாத மூடி 23.

மகள் ஒரு யோசனை சொன்னாள். ஜப்பானில் மாரி கோண்டோ என்று ஓர் அம்மணி. வீட்டை ஒழிப்பது பற்றிப் புத்தகம் எழுதி உலகம் பூராவும் பேர் வாங்கியவர். "ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்துப் பாருப்பா. சந்தோஷம் வந்தா வெச்சுக்கோ. வரலேன்னா நன்றி சொல்லி அனுப்பிடு."

முதலில் கையில் வந்தது கரண்ட் பில். துளிக்கூட சந்தோஷம் வரவில்லை. தூக்கிப் போட முடியுமா, சொல்லுங்கள்!

காரைக்குடியில் முகூர்த்தம் முடிந்து, பந்தியில் பணியாரமும் கந்தரப்பமும் உள்ளே போனபிறகு, நண்பர் என்னைக் கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போனார். சுமார் 15 கிலோமீட்டர். அவருக்குத் தெரிந்த ஒரு வீடு. வீடா அது? முகப்பு ஒரு தெருவில் என்றால், கொல்லைக் கதவு அடுத்த தெருவில்! முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. பர்மா தேக்குத் தூண்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் கை வைத்தால் வழுக்குகிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு சாவியோடு வந்தார். அரை முழ நீளம் இருக்கும். அதை வைத்துப் பூட்டையும் திறக்கலாம், திருடனையும் அடிக்கலாம்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளறையும் வெளியறையுமாக ஒரு ஜோடி. வீடு எல்லோருக்கும் பொது. ஆனால் கல்யாணமான தம்பதி ஒரு தனிப் 'புள்ளி', அவர்கள் வரவு செலவு தனி. அவர்கள் சாமானும் அந்த அறைக்குள்ளே தனி. கூட்டுக்குடும்பத்தில் 'என் கரண்டி எங்கே' என்கிற சண்டைக்கு அந்தக் காலத்திலேயே ஆணியடித்துவிட்டார்கள்!

காத்தாடட்டும் என்று பெரியவர் ஓர் அறையைத் திறந்தார். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல்... தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கு அடுக்காக. என் பரண் ஞாபகம் வந்து கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"பெரிய ஆச்சிக்கு வந்த சாமான் தம்பி."

செட்டிநாட்டில் 'சாமான் பரப்புவது' என்று ஒரு வழக்கம். பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க என்னவெல்லாம் வேண்டியிருக்கும் என்று யோசித்து, அத்தனையும் வாங்கி, லிஸ்ட் போட்டு, கல்யாணத்தில் பரப்பி வைப்பார்கள். பாத்திரங்களில் குடும்பத்தின் இனிஷியல் எழுத்துக்களை வெட்டியிருப்பார்கள். அந்த எழுத்துக்களுக்கு நகரத்தார் சொல்லும் பெயர், 'விலாசம்'.

நமக்கு விலாசம் என்றால் கதவு எண்ணும் தெருவும். அவர்களுக்கு அது ஆளும் வம்சமும்.

"இதெல்லாம் இப்ப யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்குந்தான். அதான் சங்கடம். ஒருத்தர் அமெரிக்காவுல இருக்காக, ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்காக. பொங்கலுக்கு வருவாக, பாப்பாக, பூட்டிட்டுப் போயிருவாக. ஒரு கரண்டிய எடுக்கணும்னாலும் அத்தனை பேரும் சரின்னு சொல்லணும்ல?"

பர்மாவில் லேவாதேவி கொடிகட்டிப் பறந்த காலத்தில் எழும்பிய வீடுகள் இவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. தொழிலை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். விட்டு வந்த நிலமும் பிறகு கைக்கு வரவில்லை. வருமானம் நின்றது, வீடு நிற்கிறது. சில வீடுகளைப் பிரித்துத் தேக்குத் தூண்களை விற்றுவிட்டார்கள். கொடுத்துவைத்த ஒரு வீட்டை மட்டும் முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 1996-ல் திறந்த இடம், நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள்.

மற்ற வீட்டுச் சாமான்கள் எங்கே போயின? அதற்குப் பதில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு.

தெரு நெடுகப் பழம்பொருள் கடைகள். ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், பர்மா அரக்கு மரவைகள், பல்லாங்குழி, முறுக்கு நாழி, பூட்டைத் தொலைத்த சாவிகள், சாவியைத் தொலைத்த பூட்டுகள். ஓட்டல்காரர்களும் சினிமாக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள்.

ஒரு கடையில் சுவரோரம் ஒரு பழைய கல்யாண போட்டோ. பெண்ணுக்குப் பதினைந்து வயசு இருக்கும். நிமிர்ந்து பார்க்கப் பயந்த முகம். "இது யாருங்க?" என்றேன்.

"தெரியலை சார். பிரேம் ஒரிஜினல் தேக்கு. பிரேமுக்குத்தான் விலை."

பக்கத்தில் ஒரு வெண்கலப் பானை. விளிம்பில் நான்கு எழுத்து. அதுவும் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. விலாசம் இருக்கிறது, சொந்தக்காரர்கள் இல்லை.

அந்தப் பானையைத் தடவிக்கொண்டு நான் நின்ற காரணம் வேறு. அம்மா போன மறுவருஷம், அவள் பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டவன் நான். மூன்று ஆள் தூக்கும் அண்டா, ஃபிளாட்டில் எங்கே வைப்பது? கழுத்தில் புள்ளிப் புள்ளியாக அவள் பெயரை வெட்டியிருந்தது. கடைக்காரர் அதைப் படிக்கவில்லை, தராசில்தான் வைத்தார். ஆறு மாதம் கழித்து என் தங்கை, "அண்ணா, எம் பொண்ணு கல்யாணத்துக்கு அம்மா அண்டாவை எடுத்துக்கட்டுமா?" என்று போன் செய்தாள். சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் போன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் அன்று சாயங்காலம் ஒவ்வொரு அண்டாவாகக் குனிந்து கழுத்தைப் பார்த்தேன். சென்னையில் எடைக்குப் போட்டது காரைக்குடியில் எப்படி இருக்கும்? புத்திக்குத் தெரிகிறது. கண் கேட்கவில்லை.

அந்தப் பெரியவர் வீட்டில் யாரும் எதையும் எடுக்க முடியாமல் பூட்டிக் கிடக்கிறது. என் வீட்டில் யாரையும் கேட்காமல் ஒருத்தன் எடைக்குப் போட்டுவிட்டான். இரண்டும் ஒரே தப்புதான். வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கூப்பிட்டு உட்காரவைத்து, "யாருக்கு எது?" என்று யாரும் கேட்கவில்லை.

ரயிலிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வர்றியா? பரணை ஒழிக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்னைக் கேட்டுட்டா?" என்றாள்.

"கேட்டுட்டுத்தான்."

வந்தாள். சாமான்களைக் கூடத்தில் பரப்பினோம். எங்கள் வகையில் அதுவும் ஒரு 'சாமான் பரப்புதல்'தான். கோணிப்பைக்குள்ளிருந்து ஓர் ஈயச் செம்பு வந்தது. எனக்கு அது வெறும் நசுங்கின செம்பு. அவள் கையில் வாங்கினதும், "இதுலதான் அம்மா ரசம் வெப்பா. நீ கிரிக்கெட் பந்தால அடிச்சியே, அந்த நசுங்கல் இது" என்றாள். செம்பு அவளோடு போனது. என் மகள் ஒரு நோட்டில் எது யாரிடம் போகிறது, அது எப்படி வந்தது என்று எழுதிக்கொண்டாள். கதை சொல்ல ஆளில்லாதவை எடைக்குப் போயின. அந்த அண்டா இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் போகும்போது, "புதன்கிழமை போன் பண்றேன்ணா" என்றாள். புதன்கிழமை எந்தப் பண்டிகையும் இல்லை.

பெயின்ட் அடித்தாகிவிட்டது. பரண் பளிச்சென்று இருக்கிறது. டப்பா இல்லாத மூடி இருபத்து மூன்றும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து மனைவியின் குரல்:

"ஏங்க, இந்த டப்பாவுக்கு ஒரு மூடி பரண்ல இருந்துதே... பார்த்தீங்களா?"