யார் வீட்டுப் பிள்ளை?

என் பாட்டனார் மணப்பாட்டிலிருந்து கொழும்புக்கு வணிகம் செய்யச் சென்றவர். நான் பிறந்தது கொழும்பில். கணிதம் கற்பிப்பதோ ஜாம்பியா நாட்டில். "உங்கள் சொந்த ஊர் எது, ஐயா?" என்று மாணவர் வினவும்போதெல்லாம், கண்ணால் காணாத மணப்பாட்டின் பெயரையே கூறி வந்தேன்.

சென்ற ஆகஸ்டு விடுமுறையில் அங்கு வந்து சேர்ந்தேன். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையையும், 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தையும் தரிசித்தேன். குகைக் கிணற்றில், உவர்க்கடலுக்கு இத்தனை அருகில், நன்னீர்!

ஆலய வாயிலில் ஒரு மூதாட்டி, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். என் படிப்பையும் பணியையும் சொன்னேன். (ஆசிரியனுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?) அவர் கேட்டது அதுவன்று. பாட்டனாரின் பெயரைச் சொன்னேன்.

"அவரு தங்கச்சி கடைசி வரைக்கும் திருநாளுக்குத் திருநாள் அண்ணன் கடுதாசியக் கேட்டுக்கிட்டே இருந்தா. ஏன் எழுதல?"

பாட்டனாருக்குத் தங்கை இருந்ததையே நான் அறியேன். வாயடைத்து நின்றேன். அவர் என் கையைப் பற்றிக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். மணல் மூடிய மேடு, சிலுவைகூட இல்லை. முழந்தாளிட்டு, பாட்டனாரின் பெயரால் மன்னிப்பு வேண்டினேன். எழுந்த பின்னரே, அங்கே துயில்பவரின் பெயரைக் கேட்டேன்.