ஆறடிக்கு நாலடி நிலம்

தீர்ந்துபோன டியோடரண்ட் குப்பி ஒன்றை வைத்துப் பறக்கும் பீரங்கி வண்டி செய்வது எப்படி என்று வைட் டுவார்ஃப் இதழ் ஒருகாலத்தில் படம் போட்டு விளக்கியது. 'வார்ஹாமர் 40,000' விளையாட்டின் முதல் பதிப்பான ரோக் டிரேடர் 1987இல் வெளிவந்த புதிது. பொம்மைப் படைவீரர்கள் கடையில் கிடைத்தார்கள். அவர்களோடு கூடப் போகும் வண்டிகள் இன்னும் வரவில்லை. அதனால் விளையாட்டை விற்கிற கேம்ஸ் வர்க்‌ஷாப் நிறுவனத்தின் இதழே வாசகர்களைக் குளியலறை அலுமாரிக்கு அனுப்பி வைத்தது. குப்பிதான் வண்டியின் உடல். மிச்சத்தைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்ட வேண்டும். வேறு மொடல் பெட்டிகளில் மிஞ்சிய உதிரிகளைப் பொருத்த வேண்டும். வர்ணம் அடித்து மேசையில் வைத்தபின் அது வண்டிதான். எதிரில் இருப்பவனும் அப்படியே ஏற்றுக்கொள்வான்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில் ஒரு மூடிகூடக் குப்பைத்தொட்டிக்குப் போகவில்லை. பற்பசை மூடி, மருந்துப் போத்தல், நின்றுபோன கடிகாரத்தின் பற்சக்கரம், அம்மா எறிய வைத்த தேயிலை வடியின் கம்பிவலை எல்லாம் என் கட்டிலுக்குக் கீழே ஒரு சப்பாத்துப் பெட்டியில் சேர்ந்தன. எதைக் கையில் எடுத்தாலும் 'இது என்னவாகும்?' என்று கண் தானாகக் கேட்டது. விளையாட்டின் விதிகள் எனக்கு இப்போது பாதி மறந்துவிட்டன. அந்தக் கண்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

நாங்கள் அப்போது லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். அப்பா 1984இலேயே வந்துவிட்டார். அம்மாவும் நானும் 1987 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்தோம். கேம்ஸ் வர்க்‌ஷாப் நிறுவனம் தன் முதல் கடையை 1978இல் திறந்தது ஹாமர்ஸ்மித்தில், டாலிங் ரோட்டில். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி, நகரத்தின் அடிவயிற்றைக் கடந்து, ரேவன்ஸ்கோர்ட் பார்க்கில் இறங்கினால் கொஞ்ச நடைதான். கண்ணாடி அலுமாரிக்குள் வர்ணம் தீட்டிய ஈயப் பொம்மைகள் நிற்கும். கட்டைவிரல் உயரம்தான், ஆனால் கண்ணில் வெள்ளைப் புள்ளி, இடுப்புப்பட்டியில் கொளுக்கி எல்லாம் இருக்கும். ஒரு மாதக் கைக்காசு அட்டையில் ஒட்டிய இரண்டு மூன்று பொம்மைகளோடு கரைந்துவிடும். பொம்மைகளுக்கே காசு காணாது. நிலத்துக்குக் காசு கொடுப்பது என்ற எண்ணம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை. மலை, ஆறு, காடு, வீடு எல்லாம் அவரவர் செய்துகொள்ள வேண்டியவை.

எனக்கு அதைக் கற்றுத் தந்தவர் என் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959இல் சின்னப் பிளாஸ்டிக் படைவீரர்களைப் பெட்டிபெட்டியாக விற்கத் தொடங்கியபோது அவர் சிறுவன். டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 1962ஆம் ஆண்டுப் புத்தகமான 'வார் கேம்ஸ்' அவரிடம் அட்டை கிழிந்து இருந்தது. இங்கிலாந்தில் ஒரு தலைமுறை ஆட்களை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்து வந்தவர் ஃபெதர்ஸ்டோன். தொழில் பிசியோதெரபி, ஊர் சவுதாம்டன். அந்தக் காலத்து மலை என்பது மேசையில் புத்தகங்களை அடுக்கி மேலே பச்சைத் துணி விரிப்பது. தோழனின் தந்தை அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டிருந்தார். அவருடைய கராஜில் கார் நின்றதை நான் கண்டதில்லை. ஆறடிக்கு நாலடிப் பலகை ஒன்று மரக்கால்களின் மேல் கிடக்கும். அதுதான் எங்கள் நாடு.

மலைக்கு றெஜிபோம் என்கிற தெர்மோகோல். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடையின் பின்புறம் அது சும்மா கிடக்கும். பொதி செய்த றெஜிபோமில் பெட்டிக்கு இடம் விட்ட பள்ளங்களும் மேடுகளும் இருக்கும். அவற்றைத் தலைகீழாக நிறுத்தினால் தொழிற்சாலை. வெட்டுவதற்குப் பற்றறியில் சூடாகும் மெல்லிய கம்பி. கத்தியால் அறுத்தால் வெள்ளைக் குருணி வீடெல்லாம் பறந்து துணியில் ஒட்டிக்கொள்ளும்; கம்பியில் வழவழவென்று இறங்கும். வெட்டும்போது எழும் நெடி தலையிடி தரும் என்பதால் கராஜ் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார். சரிவை அதிகம் செங்குத்தாக வெட்டவிட மாட்டார், பொம்மை நிற்காமல் சறுக்கும் என்று. இங்கே ஒவ்வொரு மலையும் உண்மையான மலைக்கும் பொம்மையின் காலுக்கும் நடுவில் செய்துகொண்ட ஒரு சமரசம்.

பிறகு வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து பூசி, மேலே மணலைத் தூவுவோம். காய்ந்ததும் கடும் மண்ணிறம். அதன்பின் அவர் செய்வதைப் பார்க்க நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். தட்டைத் தூரிகையில் வெளிர் மஞ்சளைத் தொட்டு, முக்கால்வாசியைப் பழைய கடதாசியில் துடைத்துவிடுவார். கிட்டத்தட்ட வர்ணமே இல்லாத அந்தத் தூரிகையை மணல்மேல் மெல்ல அங்கும் இங்கும் ஓட்டுவார். மணற்பருக்கைகளின் உச்சிகளில் மட்டும் வெளிச்சம் ஏறும். பள்ளங்கள் இருட்டாகவே இருக்கும். ஒரு நிமிடத்துக்கு முன் மண்ணிறம் அடித்த றெஜிபோமாக இருந்தது வெயில் பட்ட நிலமாகிவிடும். ஸ்பிரே வர்ணத்தைக் கராஜுக்குள்ளேயே விடமாட்டார். அதில் உள்ள கரைப்பான் றெஜிபோமைத் தின்றுவிடும். மலை கண்முன்னே உள்வாங்கிப் போகும். புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள். காட்டின் தரைக்குக் கொதித்துக் காய்ந்த தேயிலைச் சக்கை. அதை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது எங்கள் வீடுதான். எங்களைப்போலத் தேயிலை செலவழிக்கும் வீடு அந்தத் தெருவில் வேறு இருந்திருக்காது.

பொம்மைகளை மாற்றுவது இன்னொரு கலை. ஈயப் பொம்மையின் கழுத்தை நகைக்காரரின் மெல்லிய வாளால் அறுத்து, கையால் சுழற்றும் துளைகருவியில் ஒரு மில்லிமீற்றர் துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி, வேறொரு தலையை வேறொரு பக்கம் திருப்பி வைப்பார்கள். அவ்வளவுதான், முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவன் பின்னால் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பான். இடைவெளியை மில்லிபுட்டால் நிரப்ப வேண்டும். இரண்டு குச்சிகளில் சம அளவு கிள்ளிப் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாகும் வேல்ஸ் நாட்டுப் பசை அது. தண்ணீர் தொட்ட விரலால் தடவினால் தடமே தெரியாது. நீலமும் மஞ்சளுமாக வந்து பிசையப் பிசையப் பச்சையாகும் இன்னொன்று துணி மடிப்புக்கும் தலைமயிருக்கும் உகந்தது. எனக்கு இதில் கை வந்தது, மனம் வரவில்லை. என் மனம் நிலத்தில்தான் இருந்தது.

அதில் அம்மா வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கோதுமை வயலுக்கு இங்கிலாந்தில் ஆட்கள் செய்யும் வேலை எளிது. வாசலில் போடும் தும்புக் கால்மிதியை வாங்கி, சதுரங்களாக வெட்டி, பச்சை மண்ணிறத்தில் லேசாக வர்ணம் தடவினால் விளைந்த பயிர். நான் சமையலறை மேசையில் வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவருக்குத் தும்பு புதிதல்ல. கோதுமையை அவர் வயலாகக் கண்டதில்லை. "வெட்டுக்கு நிக்கிற நெல்லு மாதிரித்தான் கிடக்கு. வரம்பு எங்கயடா?" என்றார். வரம்பில்லாத வயல் அவருக்கு வயலாகவே படவில்லை. தண்ணீர் எந்தப் பக்கத்தால் பாயும், எந்த மூலையால் வடியும் என்று மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மில்லிபுட்டை உருட்டி வரம்பு வைத்தோம். கராஜுக்குக் கொண்டுபோனபோது தோழனின் தந்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு வரம்பின்மேல் பொம்மையை நடத்திப் பார்த்தார். காலாட்படை அந்த வழியால் வரிசையாகத்தான் போகலாம் என்று அன்றே ஒரு விதி எழுதினார்.

அடுத்தது வீடு. ஷெல் விழுந்த வீடுகள் இந்த விளையாட்டின் மேசைகளில் எப்போதும் உண்டு. பொம்மை ஒளிய இடம் வேண்டும், கை உள்ளே போகவும் வேண்டும். அதனால் முழு வீட்டைவிட இடிந்த வீடு வசதி. இரண்டு சுவர்கள் ஒரு மூலையில் சந்தித்து நிற்கும், மேல்விளிம்பு பல்லுப்பல்லாக இருக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நானும் அட்டையில் ஒன்று வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கறியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"உடைஞ்ச வீட்டை ஏனடா கட்டுறாய்?"

விளையாட்டுக்கு என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த இராணுவ முகாமில் இருந்து ஷெல் வந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு அடிபட்டது. அம்மா அதற்குள் போய்ப் பார்த்தவர். எனக்கு ஞாபகம் இருந்தது சத்தம் மட்டும்தான்.

"இப்பிடி இராது," என்றார். ஓடு முதலில் போகும். போனது வெளியே சிதறாது, எல்லாம் அறைக்குள்ளே கொட்டிக் கிடக்கும். கைமரமும் சலாகையும் வெறுமையாக நிற்கும், அதற்குள்ளால் வானம் தெரியும். சுவர் இலேசில் விழாது. சாந்து மட்டும் பொரிந்து, உள்ளே இருக்கிற கல் வெளியே தெரியும். கலண்டர் ஆணியில் அப்படியே தொங்கும். அந்த வீட்டில் அது தொங்கியது என்றார். ஒவ்வொன்றாக, நிதானமாக, சமையல் குறிப்புச் சொல்லும் குரலில் சொன்னார்.

சொன்னபடியே செய்தேன். தீக்குச்சிகளைக் கைமரமாக அடுக்கினேன். தானியப் பெட்டி அட்டையில் நகத்தளவு ஓடுகள் வெட்டினேன். அவற்றைச் சிவப்படித்து அம்மா தன் கையால் அறைக்குள் போட்டார். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தபால்தலை ஓரத்து வெள்ளைக் காகிதத்தில் கலண்டர் வெட்டினோம். தாளில் திகதி எழுத என்னிடம் அவ்வளவு மெல்லிய தூரிகை இல்லை. அவர் தையலூசி முனையில் மையைத் தொட்டு ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார்.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதியபோது தரையில் அட்டை வீடுகளையும் மரக்கட்டைகளையும் பரப்பி, தோட்டத்துக் குச்சிகளைக் காடாக நட்டு, பொம்மைப் பீரங்கியால் ஈய வீரர்களைச் சுட்டு விழுத்தினார். போர்ப்பித்துப் பிடித்தவர்கள் உண்மைப் போரை விட்டு இதைப் போன்ற ஒன்றை ஆடட்டும் என்ற வேண்டுகோளும் அந்தப் புத்தகத்தில் உண்டு. அடுத்த வருடம் உலகப்போர் வந்தது. அதை வாசித்தபோது எனக்கு வெல்ஸ்மேல் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு வீடு இடிந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்து வீடு செய்தவன் நான். ஓடு போன கூரையைத் தீக்குச்சியில் அடுக்கியவனுக்கு அதைத் தூரத்தில் இருந்து பார்த்து ரசிக்க வராது.

நிலத்தைக் கையால் செய்யும் வழக்கத்தில் மாற்றம் மெதுவாக வந்தது. 1988இல் அடெப்டஸ் டைட்டானிக்கஸ் என்ற விளையாட்டின் பெட்டிக்குள் றெஜிபோமில் வார்த்த கட்டடங்களே வந்தன. அப்போது அதைக் கொண்டாட்டமாகத்தான் பார்த்தோம். 1996இல்கூட கேம்ஸ் வர்க்‌ஷாப் நிலம் செய்வது எப்படி என்று ஒரு முழுப் புத்தகம் போட்டது. அட்டை, றெஜிபோம், மணல், பசை என்று அதன் மனம் இன்னும் குப்பைத்தொட்டியின் பக்கம்தான் இருந்தது. பிறகு வார்ப்புப் பிளாஸ்டிக்கில் மேசைப்பலகையே வந்தது, இடிந்த நகரமே வந்தது. பெட்டியைத் திறந்து, சட்டத்தில் இருந்து கிள்ளி எடுத்து ஒட்டினால் போதும். விரிசல், குண்டுத்துளை எல்லாம் அச்சிலேயே விழுந்திருக்கும். கால்மிதி வாங்கிய வூல்வர்த்ஸ் 2009 ஜனவரியோடு இங்கிலாந்தில் மூடிப்போனது. தெருமூலை மொடல் கடைகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஃபெதர்ஸ்டோன் 2013இல் இறந்தார்.

இன்றைய வார்ப்புகள் அழகானவை. எங்கள் கையால் ஒருநாளும் வந்திராத நுணுக்கம் அவற்றில் உண்டு. அதை மறுத்துப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிகளில் வரும் இடிந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. ஒரே மூலை, ஒரே விரிசல் ஆயிரம் மேசைகளில் நிற்கிறது. எங்கள் கராஜ் மேசையில் ஒரு மலை டெவனில் விடுமுறைக்குப் போனவரின் ஞாபகம், ஒரு பாலம் ரயில்வேயில் வேலை செய்தவரின் கணக்கு, ஒரு வயல் என் அம்மாவின் விரல்கோடு. பலகை ஒன்றுதான், அதில் கூடியிருந்தவர்களின் ஊர்கள் பல.

தோழனின் தந்தை காலமானபின் அந்தச் சாமான்களைக் கராஜில் கூடி விளையாடியவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பாதி றெஜிபோம் பொருக்குவிட்டுக் கைபட்ட இடத்தில் உதிர்ந்தது. வயல் யாரிடம் போனது என்று தெரியவில்லை. அம்மாவும் இப்போது இல்லை.

அக்காவின் மகன் ரொறொன்ரோவில் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கிறான். பிறர் வரைந்த கோப்புகளை வாங்கி அச்சிடுவதோடு நிற்காமல் தானே கணினியில் கட்டடம் வரைகிறான். போன மாதம் யாழ்ப்பாணத்து ஓட்டு வீடு ஒன்றை இடிந்த நிலையில் வரைந்து அனுப்பினான். பழைய படங்களைப் பார்த்து வரைந்திருந்தான். ஊரை அவன் கண்டதில்லை. திண்ணை சரியாக வந்திருந்தது, கைமரங்களின் இடைவெளிகூடச் சரி. ஆனால் ஓடுகளை எல்லாம் வீட்டைச் சுற்றி முற்றத்தில் சிதறவிட்டிருந்தான். தொலைபேசியில் கூப்பிட்டு, அவற்றை அள்ளி உள்ளே போடு, நடு அறையில் அதிகம், சுவரோரம் குறைவு என்றேன். ஏன் மாமா என்று கேட்டான். சொன்னேன். இரவோடிரவாகத் திருத்தி அனுப்பினான். சாந்து பொரிந்த சுவரில் கல் தெரிய வேண்டும் என்பதை இரண்டாவது தடவை பேசும்போது சொன்னேன். அதைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறான்.