வெம்பக்கோட்டைக் கரையில் எந்த ரீல் எடுபடும்?

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசிக்குப் போனால் ஊரே வேறு மாதிரி இருக்கும். பட்டாசு ஆலைகளின் வாசல் பூட்டிக் கிடக்கும். பூஜை போட்டு மறுபடி திறக்கச் சில வாரங்கள் ஆகும். அதே நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை கரிசல் காட்டுக் கண்மாய்களை நிரப்பும். கையில் வேலை இல்லை, கண்மாயில் தண்ணீர் இருக்கிறது. தூண்டிலை எடுக்க வேறு காரணம் வேண்டுமா என்ன? வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. அதனால் பலருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை, அன்றைய மதியக் குழம்பு.

சிவகாசியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் வெம்பக்கோட்டை. வைப்பாற்றின் குறுக்கே அணை. பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022-இல் அகழாய்வு தொடங்கி, சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்த பிறகு ஊரின் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. தூண்டில்காரர்களுக்கு அந்தப் பெயர் முன்பே தெரியும்.

கரையோரம் ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் உட்கார்ந்திருப்பவருக்கு ரீலே தேவையில்லை. மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூசி, ஒரு தக்கை, முள்ளில் மண்புழு அல்லது பிசைந்த மைதா. செலவு சொற்பம். கடைக்காரர் என்ன சொன்னாலும், காலடியில் மேயும் மீனுக்கு ரீல் வாங்குவது வீண் செலவுதான்.

மீன் தள்ளி நிற்கும்போதுதான் ரீலின் வேலை ஆரம்பம். ரீல் ஒன்றும் நேற்றைய பொருள் இல்லை. சீன ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த படத்திலேயே, படகில் குனிந்து உட்கார்ந்திருக்கும் மீன்பிடிப்பவரின் தூண்டிலில் ஒரு சக்கரம் தெரிகிறது. இன்று எல்லார் கையிலும் இருக்கும் ஸ்பின்னிங் ரீலுக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். 1905-இல் காப்புரிமை வாங்கினார். அவர் நூற்பாலைக் குடும்பத்துக்காரர். ஆலையில் நூல்கண்டு சுழலாமல் நிற்க, அதன் நுனி வழியாக நூல் உருவி ஓடுவதுதான் அவருடைய யோசனைக்கு மூலம் என்பார்கள். ராஜபாளையத்து மில்லில் வேலை பார்ப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஸ்பின்னிங் ரீல் ராடின் அடியில் தொங்கும். வீசும்போது ஸ்பூல் அசையாது. நரம்பு மட்டும் சுருள் சுருளாக விடுபடும். அதனால் எடை குறைந்த இரையும் தூரம் போகும், சிக்கலும் குறைவு. முதல் ரீல் வாங்குகிறவருக்கு இதுவே சரி. 1000, 2500, 4000 என்று எண் போட்டிருப்பது அளவைக் குறிக்கிறது. நம் கண்மாய், அணைகளுக்கு 2500 தாராளம்.

பெய்ட்காஸ்டிங் ரீல் ராடின் மேலே உட்காரும். இதில் ஸ்பூலே சுழலும். இரை தண்ணீரில் விழும் நொடியில் கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தத் தவறினால், ரீலுக்குள் ஒரு குருவிக்கூடு. அதைப் பிரிப்பதிலேயே ஒரு காலைப் பொழுது போய்விடும். ஆனால் விராலுக்கு இறங்குகிறவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். விரால் ஆகாயத்தாமரைக்கு அடியில் பதுங்கும் மீன். தவளை வடிவ ரப்பர் இரையை அந்த இடுக்கில் குறி பார்த்துப் போட வேண்டும். கடித்ததும் செடியோடு சேர்த்து இழுக்க வேண்டும். குறிக்கும் பலத்துக்கும் இது கெட்டி. பழக ஒரு பருவம் ஆகும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கென்றால் பட்டனை அழுத்தி வீசும் மூடிய ரீல் இருக்கிறது. தூரம் போகாது, சண்டையும் வராது.

கடையில் பெட்டி மேல் இருக்கும் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பதினொரு மட்டமான பேரிங்கை விட நாலு நல்ல பேரிங் மேல். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 5.2:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 5.2 முறை நரம்பு சுற்றப்படுகிறது என்று பொருள். எல்லாவற்றையும்விட முக்கியம் டிராக். பெரிய மீன் இழுக்கும்போது அறுந்துவிடாமல் நரம்பை விட்டுக்கொடுக்கும் திருகு அது. ஆறு கிலோ தாங்கும் நரம்பு என்றால் இரண்டு கிலோ இழுப்புக்கு மேல் இறுக்கக் கூடாது. பின்னல் நரம்பு போடுகிறவர்கள் முதலில் கொஞ்சம் தங்கூசியைச் சுற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஸ்பூலில் வழுக்கும். மீன் இழுக்கும்போது அந்த நரம்பை வெறுங்கையால் பிடித்தால் விரலை அறுத்துவிடும்.

தூத்துக்குடி வரை போய்க் கடலில் வீச ஆசையா? 4000-க்கு மேல் எடுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவித் துடைக்காவிட்டால் உப்பு அதைத் தின்றுவிடும்.

வத்திராயிருப்புப் பக்கம், மலையடிவாரத்தில் பிளவக்கல்லின் இரட்டை அணைகளான பெரியாறும் கோவிலாறும் பார்க்க அழகு. ஆனால் மேலே இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்; காட்டுக்குள் தூண்டிலோடு போகக் கூடாது. அணையோ கண்மாயோ, மீன் பாசி பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பவரின் முதல் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறது. கேட்டுவிட்டு வீசுவதே முறை. பொடி மீனுக்கு முகம் சுளிக்காதவரும் விரால் போனால் விட மாட்டார்.

இன்னொன்று. இந்த மழைக்காலத்தில் இடி மின்னல் என்றால் பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். கரையிலும் அதே கணக்குதான். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்; மின்கம்பிக்கு அடியிலும் அதைத் தூக்கக் கூடாது. மேற்கே கருத்து, முதல் உறுமல் கேட்டதுமே வெம்பக்கோட்டைக் கரையில் விவரம் தெரிந்தவர்கள் ராடைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டிவிடுகிறார்கள்.