ஒட்டுத் தெரியாத படம்

கணினி வந்த பிறகுதான் புகைப்படத்தில் கைவைக்கத் தொடங்கினார்கள் என்று இளையோர் எண்ணுகின்றனர். அதற்கு வெகுகாலம் முன்பே ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மீது கூர்சீவிய பென்சிலால் மெல்லத் தீற்றுவார்கள். பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்து விழும். அம்மைத் தழும்பு மறையும். உருவப்படம் ஆகுமா ஆகாதா என்னும் மார்க்கச் சர்ச்சைக்குள் நாம் இங்கே புகவில்லை. பாஸ்போர்ட் தேவைப்பட்ட நாள்முதல் படம் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலிலிருந்து நம்மவர் பலர் சைகோனுக்குச் சபர் போனார்கள். 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. நம் பாட்டனார் அந்நகரில் எடுத்து அனுப்பிய படத்தையும், பாட்டியார் ஊரில் எடுத்துக்கொண்ட படத்தையும் வெட்டி ஒட்டி, இணைப்பின்மேல் தூரிகையால் பூசி, மீண்டும் படமெடுத்து ஒரே சட்டத்துக்குள் அமர்த்தித் தந்தார் ஒரு ஸ்டூடியோக்காரர். பாட்டனார் முகத்தில் ஒளி இடப்புறமிருந்து விழும். பாட்டியார் முகத்தில் வலப்புறமிருந்து. இருவர் தோள்களுக்கும் நடுவே மெல்லியதொரு கோடு. வீட்டில் எவரும் அதனால் ஏமாந்ததில்லை. அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டித்தான் உம்மா நமக்குப் பிரிவின் கதையைச் சொல்வார்கள்.

உப்புக் காற்றில் பூஞ்சை பூத்த அப்படத்தை அண்மையில் பேரப்பிள்ளை ஒருவன் ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் ஏற்றினான். 1990இல் விற்பனைக்கு வந்த மென்பொருள் அது. அருகிலுள்ள புள்ளிகளை நகலெடுத்துப் பழுதின் மீது பரப்புவது அதன் வழிகளுள் ஒன்று. பூஞ்சை போயிற்று, கிழிசல் போயிற்று, கூடவே கோடும் போயிற்று. ஒளிகூட ஒரே பக்கமாயிற்று. அழகான வேலைதான், பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆயினும் இனி வரும் பிள்ளைகள் இருவரும் அருகருகே அமர்ந்திருந்ததாகவே நம்புவார்கள். கடிதத்தை எதிர்நோக்கிப் பாட்டியார் தனித்திருந்த ஆண்டுகள் அப்படத்திலிருந்து அழிந்துவிட்டன.

வீட்டுக்குள் இது அன்பின் பொருட்டு நடந்தது. செய்தி என்று ஊருக்குக் காட்டும் படத்தில் இதே வேலை வேறு பெயர் பெறுகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, பிரதமர் விமானச் சன்னல் வழியே பார்க்கும் படமொன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. சன்னலில் தெரிந்த காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. மக்கள் கண்டுபிடித்து எள்ளி நகைத்த பின்னர் அது நீக்கப்பட்டது. வெள்ளமும் மெய், பிரதமர் பறந்து பார்த்ததும் மெய். பிறகு எதற்கு இந்த ஒட்டுவேலை?

இதனினும் கொடிது 2006இல் பெய்ரூத்தில் நடந்தது. குண்டு விழுந்த நகரின் மீது எழுந்த புகையை ஒரு புகைப்படக்காரர் கணினியில் பெருக்கிக் காட்டினார். ராய்ட்டர்ஸ் நிறுவனம் அவருடைய 920 படங்களையும் திரும்பப் பெற்றது. இல்லாத புகையைச் சேர்த்ததால், இருந்த இடிபாடுகளும் ஐயத்துக்குள்ளாயின. வீடிழந்தவர்களுக்கு அவர் செய்த தீங்கு இதுவே.

2021இல் அடோபி, மைக்ரோசாஃப்ட், பி.பி.சி. முதலானவை கூடி, ஒரு படம் எதனால் எடுக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டது என்னும் வரலாற்றைப் படத்தோடேயே பொதிந்து வைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கின. பழைய ஸ்டூடியோக்காரரின் கோடு வேறு வடிவில் திரும்பியதாகவே நமக்குப் படுகிறது. ஆனால், வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பினாலே இத்தகைய குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. நம் குடும்பங்களுக்கு இன்று படங்கள் வந்துசேர்வதோ பெரும்பாலும் அவ்வழியாகத்தான்.