லீவுக்கு வரும் ஊர்

மன்னார்த் தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்த நாள்முதல் ஆசிரியர் ஓய்வறையில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சாப்பாடு எப்படி? அநுராதபுர மாவட்டத்து எங்கள் கிராமத்தில் கடல் பார்க்க ஆசைப்படுபவர்கள் திருகோணமலைக்குத்தான் போவார்கள். மன்னார் என்றால் வெயில், மணல், கழுதை என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

மாரி மழை ஓயத் தொடங்கும் டிசம்பர் கடைசியில் போவது நல்லது. மதவாச்சியிலிருந்து ஏ-14 வீதி நேராகக் கொண்டுபோய் விடும். திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் சந்தியைக் கடந்தால் இருபுறமும் நீர் விரிந்த தாம்போதி. 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்தின் இடத்தில் 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் வந்தது 2015 மார்ச்சில். தாம்போதியில் வாகனத்தை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். வங்காலைப் பறவைகள் சரணாலயம் அந்தப் பக்கம்தான். 2010இல் ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். பருவகாலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. என் இளைய மகள் அதைப் பூந்தோட்டம் என்றே நினைத்தாள். கோடு எழும்பிப் பறந்தபோது அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தாம்போதி முடியும் இடத்திலேயே கோட்டை. போத்துக்கீசர் 1560இல் கட்டியது; 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. நான்கு மூலையிலும் கொத்தளங்கள், உள்ளே இடிந்த தேவாலயம். மதிலில் ஏறி நின்றால் காற்று ஆளைத் தள்ளும். நகரத்திலிருந்து சற்றே தள்ளிப் பள்ளிமுனையில் பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய மரம். அறபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. கழுதைகளைப் பற்றியும் அப்படியே சொல்கிறார்கள். மரத்தின் சுற்றளவு சுமார் 19.5 மீற்றர். ஒரு பிள்ளை கையை விரித்தால் ஒன்றேகால் மீற்றர். மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டேன். "லீவிலயும் கணக்கா வாப்பா?" என்று முகம் சுளித்த மகன், கொஞ்சம் பொறுத்து, "பதினாறு" என்றான்.

மறுநாள் தலைமன்னார். வழியில் பேசாலையில் காலையில் மீன் இறங்குவதைப் பார்க்கலாம், கருவாடும் வாங்கலாம். தென்கரையில் 2020இல் அமைத்த 30 காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. தலைமன்னார் இறங்குதுறை இப்போது துருவும் உடைசலுமாகக் கிடக்கிறது. 1914 முதல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் போனது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலையும் எண்பதுகளில் யுத்தம் நிறுத்திவிட்டது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தேன். ஆதம் பாலத்தின் மணல்திட்டுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இனிச் சாப்பாடு. மன்னார் என்றதும் எல்லோரும் நண்டு என்பார்கள். எங்கள் வீடுகளில் நண்டு பற்றி இரண்டு கருத்து உண்டு. என் வாப்பா சாப்பிட்டதில்லை, நானும் சாப்பிடுவதில்லை. அதனால் மன்னாரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நகரத்தில் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மீனும் கணவாயும் இறாலும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நாங்கள் பெரும்பாலும் சாப்பிட்டது கடையில் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த நண்பனின் வீட்டில்தான் தங்கினோம். தீவிலுள்ள முஸ்லிம் கிராமம் ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. அவனும் மனைவி பிள்ளைகளோடு புத்தளத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான்.

பகலுக்கு அவனுடைய உம்மா வைத்த விளைமீன் பாலாணமும் கணவாய்ப் பிரட்டலும் முருங்கையிலைச் சுண்டலும். "கரையில வாங்கின மீனுக்கு மசாலா கூடப் போடக்கூடாது மகன், மீன்ட ருசி போயிடும்" என்று சொல்லிச் சொல்லி அள்ளி வைத்தார். பின்னேரம் அவித்த பனங்கிழங்கைத் தேங்காய்ப்பூ, மிளகு, உப்பு சேர்த்து இடித்து, பிளேன்ரீயோடு தந்தார்கள். என் மனைவி அதன் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

கலாசாலை நாட்களில் இந்த நண்பனிடம் ஊர் எது என்று கேட்டால் "புத்தளம்" என்பான். சிறிது நேரம் கழித்து, "மன்னார்" என்று சேர்த்துக்கொள்வான். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானோர் சில நாட்களுக்குள் ஊரிழந்தார்கள். நண்பனுக்கு அப்போது பத்து வயது. தீவுக்காரர்கள் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவனும் அப்படித்தான் போனான். இன்று டொல்பின் பார்க்கவும் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கவும் உல்லாசப் பயணிகள் போகிற அதே கற்பிட்டி. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில், அகதிப் பாடசாலை, கலாசாலை, தொழில், கல்யாணம், பிள்ளைகள். 2009க்குப் பிறகு உம்மா பிடிவாதமாகத் திரும்பி வந்து, பற்றை மூடிய வளவைத் துப்புரவாக்கி, இரண்டு அறை வீட்டைக் கட்டுவித்தார். நண்பனின் தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் புத்தளத்திலேயே நின்றுவிட்டன.

இரண்டாம் நாள் பின்னேரம் பிள்ளைகள் கடற்கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "உங்கட ஊர் நல்ல ஊர்" என்றேன் நண்பனின் மூத்த மகளிடம். அந்தப் பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்ல மாமா, எங்கட ஊர் புத்தளம். இது நாங்க லீவுக்கு வாற ஊர்."

நண்பன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிலும் பிழையில்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் தோழிகள் இருப்பதும் அங்கே. எனக்கு மூன்று நாள் உல்லாசம் தந்த தீவு அவளுக்கும் அவ்வளவுதான். விரட்டப்பட்டவனின் மண் ஒரு தலைமுறை கழிந்ததும் அவன் பிள்ளைகளுக்கு விடுமுறை இடமாகிவிடுகிறது. இதை நான் எந்த அகதி அறிக்கையிலும் வாசித்ததில்லை. மணலில் நின்று ஒரு பிள்ளையின் வாயால் கேட்டேன்.

அன்றிரவு வளவுக் கிணற்றடியில் இருந்து பேசினோம். தீவில் தண்ணீர் உவர் என்று பலர் குறை சொல்வார்கள். இந்தக் கிணறு நல்ல தண்ணீர். மணலில் இறங்கும் மழைநீர் பாரம் குறைந்ததால் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கும். அளவோடு அள்ளினால் தித்திக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலுள்ள உவர் ஏறிவிடும். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த அன்று உம்மா முதலில் செய்தது இந்தக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்ததுதானாம்.

"ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டிருக்கன் மச்சான்" என்றான் நண்பன்.

"பிள்ளைகள்?"

"லீவுக்கு வருவாங்க."

ஒரு பாடசாலை நிலைக்க வேண்டுமானால் இடாப்பில் பெயர்கள் வேண்டும். சிறிய கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் மிஞ்சிய பிள்ளைகளையும் பெற்றோர் வேறிடம் கொண்டுபோவார்கள். தன் பிள்ளைகளைப் புத்தளத்தில் வைத்துக்கொண்டு பிறர் பிள்ளைகளை ஊரில் படி என்று சொல்ல முடியுமா என்பதே நண்பனின் கவலை. என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. ஆனாலும் ஒருவர் போய் நின்றால்தானே இன்னொருவருக்கு மனம் வரும் என்றேன். "அதத்தான் உம்மாவும் சொல்றா" என்றான்.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு இன்னும் ஓர் இடம் சொல்ல வேண்டும். நண்பனின் காக்காவுடைய மகன், இருபத்திரண்டு வயது இளைஞன், கிராமத்துச் சந்தியில் சின்னக் கடை போட்டிருக்கிறான். மஃரிபுக்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவான். பரோட்டா, மீன் ஆணம், இஞ்சித் தேத்தண்ணீர். இரண்டு வாங்கு, ஒரு மின்குமிழ். புத்தளத்தில் பிறந்தவன். அவன் வயதினர் பலர் வெளிநாடு போக வழி தேடும்போது, இவன் உம்மும்மாவோடு இருக்கப் போகிறேன் என்று வந்து நிற்கிறான். "யாவாரம் எப்படித் தம்பி?" என்றேன். "லீவு நாளைக்கிப் பரவாயில்ல சேர். லீவு முடிஞ்சா ஊர் வெறிச்சிடும்" என்றான்.

மன்னாருக்குப் போகிறவர்கள் பெருக்கமரத்தையும் கோட்டையையும் பாருங்கள்; நகரத்துக் கடைகளில் வயிறாறச் சாப்பிடுங்கள். ஓரிரவாவது இப்படியான ஒரு கிராமத்துச் சந்திக் கடையில் போய் உட்காருங்கள். முடிந்தால் பாடசாலை நடக்கும் நாளொன்றில், விடுமுறைக்காரர்கள் திரும்பிப் போன பிறகு போங்கள். அந்தப் பரோட்டா நல்ல மொறுமொறுப்பு.