ஆஃப் ரோடு என்றால் எங்களுக்கு வேறு அர்த்தம்

2024 ஆகஸ்ட் 15. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருக்கும் ஓர் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம். காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு நாங்கள் ஆறேழு பேர் போயிருந்தோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. மனு இன்னும் நடப்பில் இருக்கிறது.

கையெழுத்துப் போட அழைத்து வந்த தம்பிகள் நான்கு பேர் பின்வரிசையில் ஒரே செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். தீர்மானம் வாசிக்கும் நேரம். "இன்னாடா அங்க?" என்று அதட்டினோம். "தார் ராக்ஸ்ணே. அஞ்சு டோர். பன்னண்டு தொண்ணூத்தொம்பதுல இருந்து ஆரம்பம்" என்றான் ஒருவன். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எங்கள் மனுவைப் பார்த்தபோது நாங்கள் கண்டதில்லை.

மஹிந்திரா நிறுவனம் தன் புதிய வண்டிகளைச் சுதந்திர தினத்தையொட்டிக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறது. 2020இல் புதிய தாரை ஆகஸ்ட் 15 அன்று காட்டி, அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே தமிழ்நாட்டில் கிராம சபை நாட்கள். அந்த அக்டோபர் 2 கிராம சபையை கொரோனாவைக் காரணம் காட்டி அரசு ரத்து செய்தது. வண்டி திட்டமிட்ட நாளில் வந்து சேர்ந்தது.

2024இல் கொச்சியில் அறிமுகமான ஐந்து கதவு ராக்ஸுக்கு வந்த எதிர்வினைகளை அடுத்த சில நாட்கள் தம்பிகள் எங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்கதவு வந்துவிட்டதால் இனி வீட்டில் சம்மதிப்பார்கள் என்று ஒரு கூட்டம் மகிழ்ந்தது. பெயரில் எதற்கு இரண்டு எக்ஸ் என்று இன்னொரு கூட்டம் கேலி செய்தது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியின் விலையை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று சிலருக்குக் கோபம். இவற்றையெல்லாம் விடப் பெரிய சண்டை, இருக்கையின் நிறத்தைப் பற்றியது. உள்ளே வெள்ளை நிறத்தில் இருக்கை வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் புழுதிக்கும் சேற்றுக்கும் வெள்ளை தாங்குமா என்று ஆர்வலர்கள் கொதித்துவிட்டார்கள். சேற்றில் இறங்குவதற்கென்றே விற்கப்படும் வண்டி அது. நிறுவனமும் காது கொடுத்தது. செப்டம்பரில் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் விலையை அறிவித்தபோது, மோச்சா பிரவுன் நிற உட்புறமும் கிடைக்கும் என்றார்கள். அந்த வண்டி 18 லட்சத்து 79 ஆயிரத்தில் தொடங்கியது. அக்டோபர் 3 காலை முன்பதிவு திறந்தது. ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிவு செய்தார்கள்.

வாங்குகிறவர்களின் குரலைக் கேட்டு ஒரு நிறுவனம் ஒரு மாதத்தில் தன் முடிவை மாற்றிக்கொண்டதில் எந்தத் தவறும் இல்லை. எங்களுக்கு உறுத்தியது வேறு. அதே ஒரு மாதத்தில் எங்கள் மனு வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு ஊராட்சிக்கே திரும்பி வந்தது.

அந்த எரிச்சலை நாங்கள் தம்பிகளிடம் காட்டினோம். "பொணம் தூக்கப் பாதை இல்ல, உனக்கு ராக்ஸ் கேக்குதா?" என்று ஒருநாள் படிப்பு வட்டத்தில் கேட்டுவிட்டோம். அவர்களில் ஒருவன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு சொன்னான்: "மத்தவன் ஆசப்பட்டா லட்சியம். நாம ஆசப்பட்டா மட்டும் துரோகமாண்ணே?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. பிறகு யோசித்தபோது, பதில் எங்கள் புத்தக அலமாரியிலேயே இருந்தது தெரிந்தது.

அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இரண்டு வண்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1901இல், சிறுவனாக இருந்தபோது, மசூர் ரயில் நிலையத்திலிருந்து அப்பா வேலை பார்த்த கோரேகாவுக்குப் போக மாட்டுவண்டி தேவைப்பட்டது. இவர்கள் மகர் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் யாரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். நிபந்தனை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929இல் சாலிஸ்கானில் இன்னொரு வண்டி. அப்போது அவர் பாரிஸ்டர், அரசு அமைத்த குழுவில் உறுப்பினர். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று டோங்காக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவரே ஓட்ட, பாலத்தின் மேல் வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

எங்கள் தாத்தாக்கள் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். இது பழங்கதை என்று நினைத்தால், 2025 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டி வந்த தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்று சாதியைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வாகனம் இந்த மண்ணில் வெறும் இரும்பாக இருந்ததே இல்லை. அதில் யார் உட்காரலாம், யார் கீழே நடக்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்து வந்தது. அந்த வண்டியின் மேல் நம் பிள்ளை ஆசைப்படுவதில் பணக்கார மோகம் கொஞ்சம் இருக்கலாம். நூறு வருடக் கணக்கும் இருக்கிறது. தம்பியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம்.

ஆசையை விட்டுவிடுவோம். அந்த ஆசையை விற்கும் சொல்லைப் பார்ப்போம்: ஆஃப் ரோடு.

விளம்பரங்களில் வண்டி எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். மலை, பாலைவனம், ஆறு, கடற்கரை. எங்கும் ஒரு மனிதர் இல்லை. ஆடு மேய்ப்பவர் இல்லை, வலை உலர்த்துபவர் இல்லை, விறகு கட்டி வருபவர் இல்லை. 'எக்ஸ்ப்ளோர் தி இம்பாசிபிள்' என்பது அந்த நிறுவனத்தின் முழக்கம். முடியாததைத் தேடிப் போ என்கிறது. ரோடு இல்லாத நிலம் யாருமில்லாத நிலம் என்று நம்ப வைத்தால்தான் அதைத் 'தேடிக் கண்டுபிடிக்க' முடியும்.

நம் நாட்டில் ரோடு இல்லாத இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த மாவட்டம் அதற்குச் சாட்சி. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாவற்றையும் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் பயன்படுத்தத் தடை கூடாது என்று 1924இல் சென்னை சட்ட மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். ரோட்டில் நடப்பதற்கே நமக்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக நாம்தான் ஆஃப் ரோடு. வரப்பில், ஓடையில், முள்ளில். யாரும் அதைச் சாகசம் என்று சொல்லவில்லை.

நிலத்தின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லாததுதான் இவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்குள் மட்டுமே கைமாற வேண்டும் என்பது விதி. அந்த நிலம் இன்று யார் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதற்காகத்தான் காரணைப் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். 2024இல் அந்த நாளுக்கு முப்பது வருடம் ஆனது. ராக்ஸ் முன்பதிவு திறந்து சரியாக ஒரு வாரம். முதல் மணி நேரத்து எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு அப்போதும் ஓயவில்லை. காரணையின் பெயர் எங்கள் தம்பிகளில் இரண்டு பேருக்குத் தெரியவில்லை. அது எங்கள் தவறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாரை உருவாக்கிய ஆராய்ச்சி மையம் எங்கோ தூர தேசத்தில் இல்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிறது. வண்டியின் அறிவு இந்த மண்ணில் பிறக்கிறது. அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர் பட்டியலில் இருக்கிறார்கள்.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் தோழர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம். கரை மணலில் நான்கைந்து பெரிய வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அச்சு வரை புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. எங்களோடு இருந்த தொழிற்சாலைத் தம்பி பொறுக்க முடியாமல் போய், "சார், மெரிக்காதீங்க. டயர்ல காத்த எறக்குங்க" என்றான். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அவனையே கூப்பிட்டார்கள். நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தான். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் தோண்டி, படகுப் பலகை வாங்கி வந்து போட்டான். குப்பத்துப் பையன்களும் நாங்களுமாகத் தள்ளினோம். வண்டி ஏறியது. ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். பையன்கள் பிரித்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி ஒரு வீடியோவைக் காட்டினான். அதில் வண்டி மணலில் புதைகிறது. அடுத்த காட்சியில் பாட்டு ஏற, மணலைக் கிழித்துக்கொண்டு தானாகவே வெளியே வருகிறது. பலகை இல்லை. குப்பம் இல்லை. தம்பி இல்லை. அவன் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தைய நவம்பர் மழையில் எங்கள் காலனியில் ஓர் ஆயா இறந்தார். சுடுகாட்டுக்குப் போக இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாகப் போனால் தார்ச்சாலை இருக்கிறது. அந்தத் தெருவில் நம் பாடையை விடுவதில்லை. மற்றது வயல் வரப்பும் ஏரிக் கால்வாயும். ராக்ஸ் 650 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் என்று தம்பிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டு அடிக்குச் சற்று மேல். அன்று கால்வாயில் இடுப்புக்கு மேல் ஓடியது. எட்டுப் பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கடந்தோம். நடுவில் ஒருவர் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, ஆயாவின் கால் தண்ணீரில் நனைந்தது. அவருடைய மகள் கரையில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் தம்பி மாறினான். மாறினான் என்பதுகூடச் சரியில்லை, ராக்ஸ் படம் இன்னும் அவன் போனில் இருக்கிறது. ஷிப்ட் இல்லாத நாட்களில் வட்டாட்சியர் அலுவலகம் போக ஆரம்பித்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு 'அ' பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வாங்கினான். அந்த வரைபடத்தில் சுடுகாடு வரை வண்டிப்பாதை என்று ஒரு கோடு இருக்கிறது. இப்போது அது ஒருவருடைய சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறது. நாங்கள் இத்தனை வருடம் புதிய பாதை கேட்டுக்கொண்டிருந்தோம். பாதை ஏற்கெனவே நம்முடையது. மனுவை மாற்றி எழுதினோம். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக்கிரமிப்பை எடுக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார், வரவேற்கிறோம். பெயர்ப் பலகையோடு பாதையும் மாற வேண்டும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் தெரிந்து வைத்திருங்கள், தவறில்லை. உங்கள் சுடுகாட்டின் புல எண்ணையும் தெரிந்து வைத்திருங்கள். ஊராட்சியின் 'அ' பதிவேட்டையும் பழைய நில உடைமைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்த நிலம் கைமாறியிருக்கிறது என்று அதில் தெரியும். கிராம சபையில் வாயால் பேசி விட்டுவிடாதீர்கள். புல எண்ணோடு எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

"பாதை வந்தா மொத வண்டி நம்மளுதா இருக்கணும்ணே" என்கிறான் தம்பி. எந்த வண்டி என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த கிராம சபை ஜனவரி 26. நாங்கள் போகிறோம்.